சுமை விழுந்த பிறகு

நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் பாவத்துக்கு இருக்கும் மரியாதை கிருபைக்கு இல்லை. ஒரு கவிதையில் குற்றவுணர்வு தட்டுப்பட்டால் போதும், ஆழம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டுவிடுகிறோம். மன்னிப்பு தட்டுப்பட்டாலோ பிரசங்கம் என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ரஸ்கோல்நிகோவின் காய்ச்சலைப் பற்றி நாம் எழுதிய பக்கங்களுக்குக் கணக்கில்லை. அதே நாவலின் கடைசியில், சைபீரிய ஆற்றங்கரையில், அவன் சோனியாவின் காலடியில் விழும் இடத்தைப் பின்னால் ஒட்டவைத்த வால் என்று தள்ளிவிட்டோம். இதில் நான் யாரையும் குறை சொல்ல முடியாது. வால் என்ற அந்தச் சொல்லை அச்சில் உபயோகித்தவர்களில் நானும் ஒருவன்.

சென்ற வருஷம் ஒரு மாலை, கவிஞரான நண்பர் ஒருவர் இதைக் கேள்வியாகவே வைத்தார். "குற்றவுணர்வு உள்ளவன் பேசுகிறான், உளறுகிறான், பொய் சொல்கிறான், திரும்ப வந்து திருத்துகிறான். அவனிடம் மொழி இருக்கிறது. அதை விட்டுத் தொலைத்தவனிடம் என்ன இருக்கும்? சந்தோஷமாக இருக்கிறேன் என்பான். அதோடு தீர்ந்தது. விட்ட பிறகும் எழுத ஏதாவது இருந்தது என்று காட்டுகிற ஒரு புத்தகம் சொல்லுங்கள், பார்க்கலாம்." நான் ஜான் பன்யன் என்றேன். அவர் சிரித்தார். ஞாயிறு பள்ளிப் பரிசுப் புத்தகமா என்று கேட்டார். அந்தக் கணத்தில் அந்தப் பெயர் ஏன் வாயில் வந்தது என்று எனக்கும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். இந்தக் கட்டுரை நண்பருக்குப் பதில் என்பதைவிட எனக்கே சொல்லிக்கொண்டது என்பதுதான் சரி.

தாமிரபரணிக் கரையில் ஒரு கிறிஸ்தவ ஊர் எங்களுடையது. வேதப்புத்தகம், பாமாலை இரண்டுக்கும் அடுத்தபடியாக வீட்டில் இருந்த மூன்றாவது புத்தகம் 'மோட்சப் பிரயாணம்', உரைநடை மொழிபெயர்ப்பு. முதல் படத்தில் கந்தல் உடுத்த ஒருவன் முதுகில் பெரிய மூட்டையோடு நிற்பான். அது வண்ணான் மூட்டை என்று நினைத்திருந்தேன். அதில் என்ன இருக்கிறது என்று பெரியம்மாவிடம் கேட்டபோது, அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவன் செஞ்சதெல்லாம்" என்றாள். பெரியம்மா என்பது அப்பாவின் அண்ணன் மனைவி. ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் வருவாள். திருவிருந்து உள்ள ஞாயிறுகளில் மட்டும், பிரசங்கம் முடிந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து வெளியே போய்விடுவாள். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவளிடம் பிறகு வருகிறேன்.

பன்யனின் கதையை இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. 1678இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தைப் படிக்காதவர்களுக்கும் அதன் உருவம் தெரியும்: ஒருவன் அழிவின் நகரத்திலிருந்து வானத்து நகரத்துக்கு நடந்து போகிறான், முதுகில் சுமை. நாம் மறந்துவிடுவது ஒரு சாதாரண விஷயம். சுமை கதையின் முடிவில் விழவில்லை. முதல் பாகத்தில் ஏறக்குறைய கால்வாசி தாண்டியதும் விழுந்துவிடுகிறது. பிரயாணத்தின் பெரும்பகுதியை அவன் சுமையில்லாமல்தான் நடக்கிறான். சிங்கங்கள், அப்பொல்லியோன், மரண நிழலின் பள்ளத்தாக்கு, மாயச் சந்தை, சந்தேகக் கோட்டை எல்லாமே பிறகுதான் வருகின்றன. நண்பரின் கேள்விக்குப் பக்க எண்ணிக்கையிலேயே ஒரு பதில் இருக்கிறது.

அது விழும் இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். சற்றே மேடான ஓரிடம். அங்கே ஒரு சிலுவை. கீழே ஒரு கல்லறைக் குழி. அவன் மேட்டில் ஏறி சிலுவைக்கு எதிரே வருகிறான். சுமை தோளிலிருந்து தளர்கிறது, முதுகைவிட்டு நழுவுகிறது, உருண்டு போய்க் குழிக்குள் விழுகிறது. அப்புறம் அதை யாரும் பார்க்கவில்லை. இவ்வளவுதான். அவன் அப்போது எதையும் அறிக்கையிடவில்லை. எதற்கும் வருந்தவில்லை. யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. கட்டு அவிழ்கிறது, அவ்வளவே. அவன் அழுவதுகூட அதற்குப் பிறகுதான், அதுவும் ஆச்சரியத்தால். பிறகு மூன்று முறை துள்ளிக் குதிக்கிறான். ஒரு பியூரிட்டன் எழுதிய புத்தகத்தில் கதாநாயகன் குதிக்கிறான் என்பதை நம் விமர்சகர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்த வறட்சி வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று எனக்குப் படுகிறது. நாடகமாக்கியிருந்தால் விடுதலை அவனுடைய செயலாகியிருக்கும். நன்றாக அழுதான், அதனால் விழுந்தது என்று ஆகியிருக்கும். அப்படிச் சொல்ல பன்யன் விரும்பவில்லை.

இன்னொன்று. அவனைக் 'கிறிஸ்தியான்' என்று கதை எப்போது அழைக்கத் தொடங்குகிறது? சிலுவைக்குப் பிறகு அல்ல. சுமையோடு, கந்தலோடு, ஊரைவிட்டு ஓடத் தொடங்கிய உடனேயே, பிடிவாதக்காரனும் வளைந்துகொடுப்பவனும் அவனைத் திருப்பிக் கூட்டிப்போக வரும்போதே, அவன் பெயர் அதுதான். அவனுக்கு முன்பு வேறு பெயர் இருந்தது என்பது நமக்கு மிகவும் தாமதமாக, சுமை விழுந்து, மலையும் ஏறிய பிறகு, மாளிகை வாசலில் காவல்காரனிடம் அவனே சொல்லும்போதுதான் தெரிகிறது. கிருபையற்றவன் என்பது அந்தப் பழைய பெயர். அதாவது, பாரம் குறைந்து சுத்தமானவனுக்குக் கொடுக்கப்பட்ட பட்டமல்ல புதுப் பெயர். பாரத்தோடு இருக்கும்போதே அவன் அந்தப் பெயருக்கு உரியவன். பழைய பெயரைச் சொல்ல அவனால் முடிந்ததே, அது இனி அவனைக் கடிக்காது என்பதால்தான். கிறிஸ்தவ அடையாளம் என்று மேடைகளில் பேசுகிறவர்கள் இந்த வரிசையைக் கவனித்தால் நல்லது. முதலில் பெயர். அப்புறம் நிம்மதி. நிம்மதி வராத நாட்களிலும் பெயர் போவதில்லை.

நிம்மதி வராத நாட்களும் நிறைய. சுமை விழுந்த பிறகும் அவன் பயப்படுகிறான். மலைமேல் நிழற்குடிலில் தூங்கிப்போய், அடையாளமாகத் தரப்பட்ட சுருளைத் தொலைத்துவிட்டு, போன வழியே அழுதுகொண்டு திரும்பி வருகிறான். மரண நிழலின் பள்ளத்தாக்கில் ஒரு இடம் வருகிறது. உளவியல் என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன் எழுதப்பட்ட மிகச் சிறந்த உளவியல் அது என்பேன். ஒரு துஷ்ட உருவம் பின்னால் மெல்ல வந்து தெய்வநிந்தையான சொற்களை அவன் காதில் கிசுகிசுக்கிறது. அவன் அவை தன் மனசிலிருந்தே கிளம்புவதாக நினைத்துக்கொள்கிறான். வேறு எல்லா ஆபத்துக்களையும்விட இதுவே அவனை அதிகம் வதைக்கிறது. தன்னுடையதல்லாத குரலைத் தன் குரல் என்று ஏற்றுக்கொண்டு அதற்காகக் கூனிக்குறுகுகிறவர்களை நாம் ஒவ்வொருவரும் பார்த்திருக்கிறோம். சந்தேகக் கோட்டையிலோ, அவநம்பிக்கை என்ற அரக்கன் புதன் காலையிலிருந்து சனி இரவு வரை அவனையும் தோழனையும் சோறு தண்ணீர் இல்லாமல் பூட்டிவைத்து அடிக்கிறான். கத்தியோ கயிறோ விஷமோ எடுத்து முடித்துக்கொள்ளுங்கள் என்று யோசனையும் சொல்கிறான். ஞாயிறு விடியுமுன் கிறிஸ்தியானுக்கு நினைவு வருகிறது, மடியில் ஒரு சாவி இருக்கிறதென்று. வாக்குத்தத்தம் என்பது சாவியின் பெயர். அது அத்தனை நாளும் அங்கேயேதான் இருந்தது. ஆனால் வெளி இரும்புக் கதவின் பூட்டு லேசில் திறக்கவில்லை என்று எழுதுகிறார் பாருங்கள், அங்கேதான் பன்யன் பிரசங்கியாரிடமிருந்து பிரிந்து கலைஞராகிறார்.

பூட்டின் கனம் அவருக்குத் தெரியும். பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடுகிற தொழிலாளி அவர், தகப்பனுக்கும் அதே தொழில். கருவிகளை முதுகில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற வேலை. அவருடையது என்று சொல்லப்படும் பட்டடைக்கல் பெட்ஃபோர்டில் இருக்கிறது. சுமை என்ற படிமம் 38ஆம் சங்கீதத்திலிருந்து வந்தது என்பார்கள் வேத பண்டிதர்கள். இருக்கலாம். தோளிலிருந்தும் வந்திருக்கலாம்.

1666இல் அவர் எழுதிய சுயசரிதையை எங்கள் ஊரில் யாரும் படித்ததில்லை. அப்போது அவர் சிறையில். அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காக 1660 நவம்பரில் பிடித்தார்கள். இனி பிரசங்கிப்பதில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம். பார்வையில்லாத ஒரு மகள் வீட்டில். அந்தச் சிறையிலிருந்து அவர் எழுதுவது சிறையைப் பற்றியல்ல, அதற்கு முன் தன் மண்டைக்குள் இருந்த சிறையைப் பற்றி.

அதில் இரண்டு காட்சிகளை மறக்க முடியாது. ஓய்வுநாளில் அவர் கிட்டிப்புள் விளையாடுகிறார். ஆம், நம் கிட்டிப்புள்தான், அவர்கள் அதைப் பூனை என்கிறார்கள். குழியிலிருந்து ஒரு தட்டு தட்டியாயிற்று. இரண்டாவது தட்டுக்குக் கோல் ஓங்கும்போது உள்ளே ஒரு குரல்: பாவத்தை விட்டு மோட்சம் போகிறாயா, பாவத்தோடு நரகம் போகிறாயா என்ற பொருளில். அந்தப் பூனையைத் தரையிலேயே விட்டுவிட்டு மேலே பார்க்கிறார். ஒரு கணத்தில் தனக்குள் கணக்குப் போடுகிறார்: காலம் கடந்துவிட்டது, எனக்கு மன்னிப்பில்லை. நரகம்தான் என்றால் சில பாவத்துக்கும் பல பாவத்துக்கும் என்ன வித்தியாசம்? மறுபடி ஆட்டத்தைத் தொடர்கிறார். சுற்றி நின்றவர்களுக்கு எதுவும் தெரியாது. குற்றவுணர்வு மனிதனைத் திருத்தும் என்ற நம் நம்பிக்கைக்கு இந்த நாலு வரி போதுமான பதில். அது அவரைத் திருத்தவில்லை. அடுத்த தட்டைத்தான் தட்டச் சொன்னது.

இன்னொன்று மணி. கோயில் மணி அடிப்பதில் அவருக்குப் பிரியம். அது வீண் என்று தோன்றி விட்டுவிடுகிறார். ஆனால் மற்றவர்கள் அடிப்பதைப் பார்க்கப் போகிறார். மணி விழுந்து தலையில் பட்டால்? உத்தரத்துக்கு அடியில் நின்றுகொள்கிறார். மணி சுவரில் பட்டுத் தெறித்து வந்தால்? வாசற்படிக்கு வருகிறார். கோபுரமே சரிந்தால்? ஓடிவிடுகிறார். மணியடிப்பதில் பாவம் என்ன இருக்கிறது என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. குற்றவுணர்வுக்குக் குற்றம் தேவையில்லை. அது தனக்கு வேண்டிய குற்றத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும்.

பிறகு வருவதுதான் கொடுமை. கிறிஸ்துவை விற்றுவிடு என்ற நினைப்பு ஒரு வருஷம்போல் அவரைத் தொடர்கிறது. சாப்பிடும்போது, குனிந்து ஒரு ஊசி எடுக்கும்போது, விறகு வெட்டும்போது. மாட்டேன் மாட்டேன் என்று கையாலும் முழங்கையாலும் காற்றைத் தள்ளுவாராம். ஒருநாள் காலை படுக்கையில் அலுத்துப்போய், போகிறதானால் போகட்டும் என்று மனசுக்குள் ஒரு எண்ணம் ஓடிவிடுகிறது. அவ்வளவுதான். ஒரு எண்ணம். அதற்காக இரண்டு வருஷத்துக்கும் மேலாகத் தன்னை ஏசாவாகவே பார்க்கிறார். ஒருவேளைச் சாப்பாட்டுக்குத் தன் மூத்த உரிமையை விற்றவன், பிறகு அழுது தேடியும் வழி கிடைக்காதவன். கடைசியில் விடுதலை ஒரு வயல்வழி நடக்கும்போது வருகிறது. தன் நீதி தனக்குள் இல்லை, பரலோகத்தில் இருக்கிறது என்று படுகிறது அவருக்கு. ஆகவே தன் மனசின் நல்ல நாள் அதைக் கூட்டுவதில்லை, கெட்ட நாள் குறைப்பதுமில்லை. இந்த இடத்துக்கு வர அவருக்குக் கைகொடுத்தது கலாத்தியர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய விளக்கம், தொட்டால் உதிர்ந்துவிடுமளவுக்குக் கிழிந்த பழைய பிரதி. தன் நோய்க்குத் தன் நெஞ்சிலிருந்தே எழுதியதுபோல் இருந்தது என்கிறார்.

எனக்கு இறையியல் தெரியாது. ஆனால் இது எப்பேர்ப்பட்ட இலக்கியக் கண்டுபிடிப்பு என்பது தெரிகிறது. தன்னையே துருவிக்கொண்டிருந்தவனுடைய பார்வை முதன்முறையாகத் தன்னை விட்டு வெளியே போகிறது. அதற்குப் பிறகுதான் அவரால் வழிப்போக்கர்களைப் பார்க்க முடிகிறது. வாயாடி, பணப்பிரியன், உலக ஞானி, மாயச் சந்தையின் ஜூரிகள்: ஆங்கில நாவலின் பாத்திரங்கள் வரிசையாக வரத் தொடங்குவது அங்கேதான். சுயசரிதையில் ஒரே ஒரு மனிதன். பிரயாணத்தில் ஒரு தேசம். நண்பருடைய கேள்விக்கு என் உண்மையான பதில் இது. குற்றவுணர்வுக்கு மொழி உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஒரே ஆளைப் பற்றித்தான் பேசும்.

காமுவின் 'வீழ்ச்சி'யை (1956) இங்கே எதிரில் நிறுத்தத் தோன்றுகிறது. ஆம்ஸ்டர்டாம் மதுக்கடையில் கிளாமான்ஸ் பேசிக்கொண்டே இருக்கிறான். பாரிஸில் ஓர் இரவு, பாலத்திலிருந்து ஒரு பெண் ஆற்றில் விழுந்த சத்தத்தைக் கேட்டும் திரும்பிப் பார்க்காமல் போனவன். அந்தக் குற்றம் அவனுக்கு உத்தியோகமாகிவிட்டது. தன்னை 'நீதிபதி-பாவி' என்று அழைத்துக்கொள்கிறான். தன் பாவத்தை விஸ்தாரமாகச் சொல்லி, கேட்கிறவன் தன் முகத்தையே அதில் பார்க்கும்படி செய்து, பிறகு மேலே உட்கார்ந்துகொள்கிறான். எல்லாரும் குற்றவாளிகள். அதை முதலில் ஒப்புக்கொண்டதால் நான் ஒரு படி மேல். காமு இவனை எள்ளலோடு எழுதினார். நாமோ அவனைக் குருவாக எடுத்துக்கொண்டுவிட்டோம். நம் கவிதைகளில் வரும் 'நான் அழுக்கன், நான் கோழை' என்ற குரலைக் கொஞ்சம் உற்றுக் கேட்டால் அதற்குள் ஒரு பெருமிதம் கேட்கும். அழுக்கை ஒப்புக்கொள்ளாத நீங்கள் இன்னும் அழுக்கர்கள் என்ற பெருமிதம். கிளாமான்ஸ் மன்னிப்பை ஏற்றுக்கொள்ள மாட்டான். ஏற்றுக்கொண்டால் வேலை போய்விடும்.

பன்யன் தமிழுக்கு வந்தபோது என்ன ஆயிற்று? கரையிருப்பில் 1827இல் பிறந்த கிருஷ்ண பிள்ளை, கம்பனை ஊறிப் படித்த வைணவ வேளாளர், 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்று ஹென்றி ஆல்பிரட் ஆனார். ஆனால் முன்னால் இரண்டு பெயர் சேர்ந்ததே தவிர பின்னால் கிருஷ்ணன் போகவில்லை. பழைய பெயரைச் சொல்லக் கூசாதவர் என்று இவரையும் சொல்லலாம். அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் நூலாக வந்தது, ஐந்து பருவங்களும் விருத்தங்களும் இடையிடையே தேவாரங்களுமாக. பாத்திரத் தொழிலாளியின் பேச்சுமொழி கம்பனின் நடையில் ஏறி உட்காரும்போது மூச்சுத் திணறுகிற இடங்கள் அனேகம். வருணனைகளில் நான் பலமுறை தாண்டிப் போயிருக்கிறேன். கிறிஸ்தவக் கம்பன் என்ற பட்டம் அவருக்கு நன்மை செய்யவில்லை. கம்பனை எதிர்பார்த்துப் போகிறவன் ஏமாறுவான்.

ஆனாலும் அவர் செய்த ஒரு மாற்றம் பெரியது. பன்யனில் சிலுவை வெறுமனே நிற்கிறது. கதை சொல்லப்படவில்லை, ஆங்கில வாசகனுக்குத் தெரியும் என்பதால். பிள்ளை குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் என்று பாடுகளின் கதையையே விரித்துவிட்டார். கட்டுண்டு நிற்பதும் பரிகாசமும் ஏச்சும் பொறுமையும் அங்கே நம் கண்முன் வருகின்றன. விளைவு, தமிழில் சிலுவை ஈரமாகிவிட்டது. ஆழ்வார்களைக் கேட்டு வளர்ந்த காது அழாமல் விடுதலையை ஏற்றுக்கொள்ளாது. இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. பன்யனின் அந்த வறண்ட அதிசயம், யாரும் எதுவும் செய்யாமல் முடிச்சு அவிழ்வது, இங்கே கொஞ்சம் மங்கிவிடுகிறது. நம் கண்ணீரும் அதில் ஒரு கை போட்டதுபோல் ஆகிறது. இன்று நற்செய்திக் கூட்டங்களில் எத்தனை அழுதார்கள் என்பதை அளவாக வைத்து மன்னிப்பைக் கணக்கிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த நஷ்டம்தான் நினைவு வருகிறது. பழியைப் பிள்ளைமேல் போடுவது நியாயமல்ல.

அவர் விட்டுவந்த சம்பிரதாயத்திலேயே இந்த வழக்கு நடந்து முடிந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டியை தாயே கவ்விக்கொண்டு போகும் என்ற வடகலை தென்கலை வித்தியாசம் எல்லாருக்கும் தெரியும். பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றுகிறவர்கள் அதற்கும் அப்பால் போனார்கள். ஆண்டவன் குற்றத்தைப் பார்க்காமல் விடுகிறான் என்பது வடகலையின் நிலை. பார்த்து, அதையே பிரியத்தோடு ஏற்றுக்கொள்கிறான் என்பது தென்கலையின் நிலை. ஈன்ற கன்றின் மேலிருக்கும் அழுக்கைப் பசு நாக்கால் நக்குவதுபோல. பன்யனோ லூத்தரோ இவ்வளவு துணிந்து பேசியிருப்பார்களா என்று சந்தேகமாக இருக்கிறது. தமிழில் ஒரு சொல் வேறு இருக்கிறது. பாவம் என்றால் குற்றம். "ஐயோ, பாவம்" என்றால் இரக்கம். ஒரே சொல்தான், ஏட்டில் ஒரு பொருள், தெருவில் இன்னொரு பொருள். வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் இந்த இரட்டைப் பொருளைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. மத்தேயு 6இல் அச்சாகியிருக்கும் ஜெபத்தில் அந்த இடத்தில் நிற்பது கடன் என்ற சொல். வட்டிக்கு வாங்கிப் பழகிய ஊர்களில் அது சரியாகவே புரிந்திருக்கும். கடனைத் தள்ளுபடி செய்ய முடியும். கடன்காரனே நினைத்துத் தள்ளுபடி செய்துகொள்ள முடியாது.

இத்தனை புகழ்ந்த பிறகு பன்யனோடு எனக்குள்ள தகராறையும் சொல்ல வேண்டும். முதல் பாகத்தின் கடைசிப் பத்தியில் அறியாமை என்ற இளைஞன் ஆற்றைக் கடந்து வாசல்வரை வந்துவிடுகிறான். சீட்டு எங்கே என்று கேட்கிறார்கள். மடியைத் துழாவுகிறான், இல்லை. கையையும் காலையும் கட்டி, மலைச்சரிவில் இருக்கும் நரகக் கதவுக்குள் தள்ளிவிடுகிறார்கள். அவன் செய்த குற்றம் என்ன? கிறிஸ்தியான் பேச்சுக் கொடுத்தபோது, என் இருதயம் நல்லது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது என்கிறான். முதுகில் எதுவும் இல்லாமல் சுறுசுறுப்பாக நடந்து வந்தவன். அதாவது, சுமந்து பார்க்காதவனுக்கு உள்ளே இடமில்லை. இங்கே பன்யன் நம் சிறுபத்திரிகைக் கவிஞர்களின் பக்கம் சாய்ந்துவிடுகிறார். ஆழமாகத் துன்பப்பட்டதற்கான அத்தாட்சி கேட்கிறார். கிருபைக்கு அனுமதிச் சீட்டாகக் குற்றவுணர்வு. இறையியல் அறிந்தவர்கள் இதற்குச் சமாதானம் சொல்வார்கள், கேட்டிருக்கிறேன். படிக்கும்போது குளிர் தட்டுவது அந்தச் சமாதானத்தால் போகவில்லை. கனவு கண்டவன் அந்த இடத்தில் விழித்துக்கொள்கிறான், நல்லவேளையாக.

ஆறு வருஷம் கழித்து, 1684இல், இரண்டாம் பாகம் வந்தது. அதில் ஃபியரிங் என்று ஒருவர். பயந்தசாமி என்று நான் சொல்லிக்கொள்வேன். நேரில் வருவதில்லை, அவர் போய்ச் சேர்ந்த கதையை வழித்துணையாக வந்த பெருநெஞ்சர் சொல்கிறார். மனச்சோர்வின் உளையில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தாராம். பலபேர் கைகொடுத்தும் வரவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. ஒருநாள் வெயில் அடித்த காலையில் எப்படியோ கடந்துவிட்டார். கடந்ததை அவரே நம்பவில்லை. வாசலில் வந்து நின்று, பின்னால் வருகிறவர்களையெல்லாம் முன்னே விட்டுக்கொண்டிருந்தார், தனக்குத் தகுதியில்லை என்று. உளையை மனசுக்குள்ளேயே தூக்கிக்கொண்டு திரிந்தார். ஆனால் மலைக்கு அவர் பயப்படவில்லை, சிங்கத்துக்கும் பயப்படவில்லை. மாயச் சந்தையில் எல்லாரோடும் சண்டைக்குப் போகப் பார்த்தார். தாழ்மையின் பள்ளத்தாக்கில் மட்டும் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். விடியுமுன் எழுந்து நடப்பார், மண்ணைக் கட்டிக்கொண்டு படுத்துப் பூக்களை முத்தமிடுவார். தன்னை ஏற்றுக்கொள்வார்களா என்ற ஒன்றே அவர் பயம். கடைசியில் ஆறு. மூழ்கிவிடுவேன் என்று அழுகிறார். அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் என்றுமில்லாத அளவுக்குக் குறைந்திருந்தது. கணுக்கால் நனைந்ததோ என்னவோ, போய்விட்டார்.

ஆற்றைக் கடந்தபோது இவரிடம் வாசல் சீட்டு இருந்ததா என்று பன்யன் சொல்லவில்லை. யாரும் கேட்டதாகவும் எழுதவில்லை. அறியாமையை நரகத்தில் தள்ளிய கை, வயதான பிறகு, ஆற்று மட்டத்தைக் குறைத்துக் கொடுத்திருக்கிறது. இலக்கியத்தில் ஓர் ஆசிரியன் தன்னையே திருத்திக்கொண்டதற்கு இதைவிட மென்மையான உதாரணம் எனக்குத் தெரியாது.

பெரியம்மாவின் கதை எனக்கு மிகவும் பின்னால்தான், அம்மா சொல்லித் தெரிந்தது. பெரியம்மாவின் தங்கை சுகமில்லாமல் இருந்தபோது, வைத்தியத்துக்குச் சங்கிலியைக் கொஞ்ச நாளைக்குக் கேட்டிருக்கிறாள். அடகில் இருக்கிறது என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். டிரங்குப் பெட்டியில்தான் இருந்தது. அந்த மாசமே தங்கை போய்விட்டாள். சங்கிலி கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பெரியம்மா சங்கிலியைக் கழுத்தில் போட்டதுமில்லை, திருவிருந்துக்குப் போனதுமில்லை. புதிதாக வந்த ஐயர் ஒருவர் வீட்டுக்கே வந்து, ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று எடுத்துச் சொன்னாராம். "அது எனக்குத் தெரியும் ஐயரே. அவ மன்னிக்கணுமே. அவ செத்துல்லா போனா" என்றாளாம். ஐயருக்குப் பதில் இல்லை. எனக்கும் இல்லை. பன்யனிடமும் இதற்கு நேரான பதில் இருப்பதாகத் தோன்றவில்லை. கிறிஸ்தியானின் மூட்டையில் மனுஷர்கள் இருந்தார்களா என்பது அந்தப் புத்தகத்தில் சரியாகக் கேட்கப்படாத கேள்வி.

தங்கை மகளுக்குக் கல்யாணமானபோது பெரியம்மா அந்தச் சங்கிலியை அவள் கழுத்தில் போட்டாள். ஏன் என்று சொல்லவில்லை. சில மாதம் கழித்து அந்தப் பெண் ஊருக்கு வந்தாள், வெறுங் கழுத்தோடு. சங்கிலி எங்கே என்று பெரியம்மா கேட்டாள். நான் அப்போது திண்ணையில் இருந்தேன். "அதையா பெரியம்மா? அவுகளுக்குச் சைக்கிள் கடை வைக்க வித்துட்டோமே" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த முறுக்கைக் கடித்தாள். பெரியம்மா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. "கடை நல்லா ஓடுதா?" என்று கேட்டாள்.

அதற்கடுத்த திருவிருந்து ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிரசங்கம் முடிந்தது. பெரியம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வழக்கம்போல் எழுந்தாள். பக்கத்துப் பெஞ்சுக்காரி வழிவிடக் காலை ஒதுக்கினாள். பெரியம்மா வாசல் பக்கம் திரும்பாமல் முன்னே போகிற வரிசையில் நின்றாள். கிராதியருகே முழங்கால் போட்டாள். திரும்பி வந்தாள். முகத்தில் விசேஷமாக ஒன்றும் இல்லை. வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில் நின்று என்னைக் கேட்டாள்: "ஏல, காலையில ஆட்டுக்குக் குழை போட்டியா?"